பெரியநாயகியின் மரணக் காட்சி

குலசேகரனுக்கு அறுபத்தொரு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தாறு.

முப்பது வருஷம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், நாலு நாவல் எழுதியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே வளசரவாக்கத்தில் சீரியல் எடுக்கும் ஒரு வாடகை பங்களாவில் வசன உதவியாளராகப் போய் உட்கார்ந்துவிட்டார். கேள்விப்பட்ட நண்பர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோர் வீட்டிலும் அந்த சீரியல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

குருவின் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரர். யார் எந்தக் காட்சியில் எந்தப் புடவை கட்டியிருந்தார் என்று நோட்டில் குறித்துவைக்கும் வேலைக்கு வந்தவர், இருபத்திரண்டு வருஷத்தில் மூன்று சீரியல்களை உருவாக்கியிருந்தார். மூன்றும் ஆயிரம் எபிசோடைத் தாண்டியவை. இப்போது ஓடுவது 'பெரியநாயகி இல்லம்'. அதில் வரும் இருபத்தாறு பேரில் யாருக்குச் சர்க்கரை, யார் யாரோடு பேச்சில்லை, எந்த மருமகள் எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு இன்னும் போகவில்லை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. குலசேகரனுக்குத் தன் நாவலில் வந்தவர்கள் பெயரே பாதி மறந்துவிட்டது.

வந்த முதல் நாளே அவர் கேட்டார்.

"ஒரு கதையை எப்ப முடிக்கணும்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?"

"நாலு கதையை முடிச்சவரு நீங்க. என்கிட்ட கேக்குறீங்களே சார்," என்று சொல்லிவிட்டு, செண்பகவல்லி ஏழாம் சீனை எழுதச் சொன்னார்.

பெரியநாயகியாக நடித்தவர் சுலோசனா அம்மாள். எழுபத்துமூன்று வயது. நாடக மேடையிலிருந்து வந்தவர், வீட்டில் தனி ஆள். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, அந்த பங்களாவின் பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டுத்தான் மேக்கப் போட உட்காருவார்.

சீரியலில் கேமராவுக்குப் பின்னால் நின்று ஒருவர் வசனத்தை வாசிப்பார். நடிப்பவர் அதைக் காதில் வாங்கிச் சொல்ல வேண்டும். சில மாதங்களாக, வாசித்துக் கொடுத்தும் சுலோசனா அம்மாளுக்கு வசனம் நிற்கவில்லை. ஒருநாள் மகனாக நடிப்பவரை, இறந்துபோன தன் கணவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த ஒரு வரிக்குப் பதினேழு டேக் போயிற்று.

சேனல்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஒரு வாரம் டைம். பெரியநாயகியை முடிச்சிருங்க. சாவுன்னா ஜனங்க அசையாம உட்கார்ந்து பார்ப்பாங்க."

"'இனி இவருக்குப் பதில் இவர்'னு போட்டு வேற ஆளை நடிக்க வைக்கலாமே?" என்றார் குலசேகரன்.

"ஆயிரத்து இருநூறு எபிசோடு பார்த்த முகம் சார். மாத்தினா ஒத்துக்க மாட்டாங்க," என்றார் சேனல்காரர்.

செண்பகவல்லி சேனல்காரரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்தார். பிறகு குலசேகரனைப் பார்த்தார்.

"நீங்களே எழுதுங்க சார்."

அவர் மூன்று நாள் எழுதினார். பெரியநாயகி முற்றத்தில் மல்லிகை கட்டிக்கொண்டிருக்கிறாள். கடைசி முடிச்சைப் போடாமல் தூணில் சாய்கிறாள். வசனம் இரண்டே வரி. செண்பகவல்லி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னால இப்படி எழுத முடியாது சார்."

குலசேகரனுக்குத் தலைகால் புரியவில்லை.

படப்பிடிப்பு நாள் வந்தது. விஷயத்தைச் சுலோசனா அம்மாளிடம் யார் சொல்வது என்று ஆளாளுக்குத் தள்ளிப்போட்டதில், கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. அதற்குள் ஆர்ட் டைரக்டரின் ஆட்கள் அவருடைய படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு, மாலை சாத்தி, கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

சுலோசனா அம்மாள் அதன் முன்னால் போய் நின்றார்.

"படம் நல்லா வந்திருக்கே செண்பகம். மாலையெல்லாம் போட்டிருக்கு. என்ன விசேஷம்?"

குலசேகரனுக்கு அவமானமாக இருந்தது. கையிலிருந்த காகிதங்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

செண்பகவல்லி மாலையைக் கழற்றிக்கொண்டுபோய் பூஜை அறை அம்மனுக்குச் சாத்தினார்.

"விசேஷம்தாம்மா. நீங்க இன்னையிலிருந்து விரதம்."

குலசேகரனிடமிருந்து காகிதங்களை வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவற்றின் பின்பக்கத்தில் இருபது நிமிஷம் எழுதினார்.

புதிய காட்சியில் பெரியநாயகி பூஜை அறையில் உட்கார்ந்திருக்கிறாள். மூத்த மருமகள் கூடத்துக்கு ஓடிவந்து கத்துகிறாள்.

"அத்தை மௌன விரதம் எடுத்துட்டாங்க! அண்ணனும் தம்பியும் ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிடுற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாங்களாம்!"

இரண்டு மகன்களும் வந்து நிற்கிறார்கள். சுலோசனா அம்மாளுக்கு வசனமே கிடையாது. முதலில் பெரியவனைப் பார்த்தார், பிறகு சின்னவனைப் பார்த்தார். அவ்வளவுதான். சின்னவனாக நடித்தவர் நிஜமாகவே அழுதுவிட்டார். ஒரே டேக்கில் முடிந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒவ்வொருவராக வந்து, பேசாத அந்த அம்மாவின் முன்னால் உட்கார்ந்து மனதில் இருப்பதைக் கொட்டினார்கள். பத்து வருஷப் பொய்யெல்லாம் வெளியே வந்தது. குலசேகரனுக்கு எழுதிக் கை வலித்தது. இந்தப் பெண்மணிக்கு இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று அசந்துபோனார்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு வியாழக்கிழமைதோறும் வரும். முதல் வியாழக்கிழமை ரேட்டிங் இறங்கியிருந்தது. சேனல்காரர் போனில் போட்ட சத்தம் பக்கத்து அறைவரை கேட்டது. "சரி சார், சரி சார்" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்ட செண்பகவல்லி, போனை வைத்துவிட்டு அடுத்த சீனை எடுத்தார். கதையை மாற்றவில்லை. மூன்றாம் வாரம் ரேட்டிங் பழைய இடத்துக்கு வந்தது. சேனல்காரரிடமிருந்து போன் வரவில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் குலசேகரன் மெல்ல ஆரம்பித்தார்.

"மனசுல ஒண்ணு கிடந்து உறுத்துதும்மா. கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லல. ஆனா நான் இதுவரைக்கும் எழுதினதுலயே அந்த சீன்தான் உசத்தி. அதுல அவங்க எவ்வளவு அழகா செத்திருப்பாங்க!"

செண்பகவல்லி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"ஆமா சார். ரொம்ப அழகா செத்திருப்பாங்க. மறுநாள் காலையில எங்க போவாங்க?"