அழியப்போவது ஒன்று

"மேடம், எனக்குப் பயமா இருக்குதுங்க. நீங்களே பண்ணிருங்க" என்றார் சென்னியப்பன்.

தாஹிரா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எதுக்குங்ண்ணா பயம்?"

"தெரியலைங்க. அதுதான் பயம்."

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு நாற்பத்தொன்பது. இருபது வருஷம் கேபிள் இழுத்து, ரூட்டர் மாட்டிவிட்டு, எல்லாம் கிளவுடுக்குப் போனபின் பிழைப்புக்காக மறுபடி பாடம் கேட்க வந்தவர். ஆசிரமம் என்றால் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஏழாவது மாடி. ஏசி பாதி நாள் ஓடாது.

அங்கே அவர்கள் பார்த்துக்கொண்டது டயாலிசிஸ் பட்டியல். ஆறு ஆஸ்பத்திரிகளில் யாருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த மெஷின் என்று அது சொல்லும்.

அது ஓடுகிற சர்வர்களை யாரும் கையால் கட்டுவதில்லை. ஒரு பொதுக் கோப்பில் எழுதி வைத்து, அவரவர் லேப்டாப்பில் இறக்கிக்கொள்வார்கள். கோப்பில் இருப்பது கிளவுடில் இருக்கும். கோப்பில் இல்லாதது கிளவுடிலும் இல்லாமல் போகும். கோப்பு யாருக்கும் இரக்கம் பார்க்காது.

அந்தக் கோப்பில் கேஷுக்கென்று மாட்யூல் என்று ஒரு தனிப் பகுதி. டேட்டாபேஸில் இருப்பதற்கு ஒரு நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்டதும் எடுத்துக் கொடுப்பது கேஷின் வேலை. மாட்யூலை மூன்று வருஷமாக யாரும் புதுப்பிக்கவில்லை. வெள்ளிக்கிழமையோடு பழைய வெர்ஷனை மூடுகிறோம் என்று கிளவுட் கம்பெனிக்காரர்கள் மெயில் போட்டுவிட்டார்கள்.

இன்று செவ்வாய்.

"பிளான் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் தாஹிரா. அப்டேட் செய்தால் என்னென்ன நடக்கும் என்று மெஷினே முன்கூட்டிச் சொல்வதுதான் பிளான்.

"பாத்தேனுங்க. நானூத்திப் பன்னெண்டு வரி."

"படிச்சீங்களா?"

"கடைசி வரியப் படிச்சேனுங்க. சேர்வது ஒண்ணு, மாறுவது முப்பது, அழிவது ஒண்ணு."

"அழியறது எது?"

"அதப் பாக்கலைங்க."

"படிச்சுட்டு வாங்க."

ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.

"கேஷ்தானுங்க மேடம். புது வெர்ஷன் தகவலுக்குப் பூட்டுப் போட்டுத்தான் கட்டுவேங்குது. ஓடிட்டிருக்கற சர்வருக்குப் பூட்டு மாட்ட முடியாதாம். இடிச்சுட்டுப் புதுசாக் கட்டுமாம்."

"இடிக்கட்டும். நகல்தானுங்களே. திரும்ப நிரம்பிக்கும்."

"நிரம்பிக்குமுங்க."

"அப்பறம் என்ன பயம்?"

"தெரியலைங்க. போகமாட்டேங்குது."

தாஹிரா சோதனைக்கென்று வைத்திருந்த சைட்டைத் திறந்து அவர் பக்கம் தள்ளினாள்.

"இதுல கேஷ அழிங்க."

அழித்தார். சைட் கொஞ்ச நேரம் முக்கி முனகியது. பிறகு டாக்டர்கள் பக்கம் வந்தது. மெஷின்கள் பக்கம் வந்தது. டயாலிசிஸ் பட்டியல் மட்டும் வெறுமையாக வந்தது.

மறுபடி திறந்தார். வெறுமை.

"நிரம்பலைங்க மேடம்."

"எதுலிருந்து நிரம்பும்?"

மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு டேட்டாபேஸ் முழுக்கத் தேடினார். பட்டியல் அங்கே இல்லவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் எந்தக் கெட்டிக்காரரோ, வேகமாக இருக்கட்டும் என்று, நேராகக் கேஷிலேயே எழுத வைத்திருந்தார். நகல் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்ததுதான் அசல். அதற்கு நகல் கிடையாது.

"நெஜ சைட்டத் தெறங்க" என்றாள் தாஹிரா. "சத்தமாப் படிங்க."

"பல்லடம், ரங்கநாயகி, செவ்வாய் வியாழன் சனி, காலைல ஆறரை. அன்னூர், மயில்சாமி, திங்கள் புதன் வெள்ளி, பதினொண்ணு. சூலூர், பிலோமினா…"

இருபதாவது பெயரோடு நிறுத்திக் கடைசி வரைக்கும் உருட்டிப் பார்த்தார். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். இரண்டு தடவை தவறினால் உடம்பில் நீர் ஏறி மூச்சுத் திணறும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய மாமனார் அப்படித்தான் போனார். காலையில் அவசரப்பட்டுப் பிளானுக்குக் கீழே 'யெஸ்' என்று அடித்திருந்தால், இத்தனை பேரில் ஒருவருக்கும் முறை என்று ஒன்று இருந்திருக்காது.

டெவலப்பர்கள் ராப்பகலாக உட்கார்ந்தார்கள். பட்டியலுக்கென்று புது டேட்டாபேஸ் ஒன்றைக் கட்டி, அதற்கான வரிகளைப் புதன் சாயங்காலம் அதே கோப்பில் சேர்த்தார்கள். இருநூற்றுப் பதினான்கு பெயர்களும் அங்கே குடியேறின. சென்னியப்பன் எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை காலை டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிளான் போட்டார். வரிகள் மடமடவென்று ஓடி நின்றன. 'யெஸ்' அடிக்கக் கை வைத்தார்.

"படிச்சீங்களா?" பின்னாலிருந்து தாஹிரா.

"செவ்வாக்கெழமையே படிச்சதுதானுங்களே மேடம்."

"பயம்?"

"சுத்தமாப் போயிருச்சுங்க. எல்லாம் உங்க புண்ணியம்."

"அப்ப எந்திரிங்க."

சென்னியப்பன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. எழுந்துகொண்டார்.

தாஹிரா உட்கார்ந்து முதல் வரிக்குப் போனாள். விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பத்து நிமிஷம் போனது. இருபது போனது. பக்கத்தில் நின்ற சென்னியப்பனுக்கு முதலில் கால் வலித்தது, அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது. ஒரு அப்டேட்டுக்கு இவ்வளவா?

நானூறாவது வரியைத் தாண்டி விரல் நின்றது.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

'அழிவது: கேஷ்.' அதற்குச் சற்றுக் கீழே, 'அழிவது: டயாலிசிஸ் பட்டியல் டேட்டாபேஸ்.'

புதன் சாயங்காலம் சேர்த்த வரிகளை அவர் தன் லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளவே இல்லை. அவரிடம் இருந்தது செவ்வாய்க்கிழமைக் கோப்பு. அந்தக் கோப்பில் புது டேட்டாபேஸ் இல்லை. இல்லாததை மெஷின் இல்லாமல் ஆக்கப் பார்த்தது.

சென்னியப்பன் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். ரங்கநாயகி அந்நேரம் மெஷினில் படுத்திருப்பார் என்ற நினைப்பு வந்தது. சனிக்கிழமை அவர் எங்கே போவார் என்றும் வந்தது.

"இதுல ஏதோ இருக்குதுன்னு உங்களுக்கு எப்படிங்க மேடம் தெரிஞ்சுது?"

தாஹிரா உள்ளங்கை ஈரத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"தெரியலைங்ண்ணா. எனக்குப் பயம் இன்னும் போகலை."