வெறுங்குழி

அன்று நுண்ணோக்கி அறையில் இருந்தவர்கள் இருவர். ஆசிரியை தேவகிருபை, வயது நாற்பத்தொன்று. அவரிடம் ஆராய்ச்சி பயிலும் குலசேகரன், வயது ஐம்பத்துமூன்று. இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு வந்து சேர்ந்தவர். கதவுக்கு வெளியே, பெஞ்சில், சுடலைமணி. கடையநல்லூரிலிருந்து ஐஸ் பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்திருந்தார். உள்ளே எட்டுக் கண்ணாடிக் குழிகளில் அவர் மகளின் வெள்ளணுக்கள், குழிக்கு ஐயாயிரம் வீதம் நாற்பதாயிரம்.

மகள் சிவநந்தினி வரவில்லை. மூன்று வயது. ஊர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு படுத்திருந்தாள்.

டாக்டர் கேட்டனுப்பியது ஒன்றுதான். தடுப்பூசியில் முன்பே பார்த்த கிருமியின் துண்டைக் காட்டினால் அவள் அணுக்கள் விழிக்கின்றனவா? பதினைந்தாயிரத்தில் ஐம்பது விழித்தால் மருந்தே போதும். குறைந்தால், ஏழு வயது அண்ணனின் எலும்பு மஜ்ஜையை எடுத்து இவளுக்கு வைக்க வேண்டும். தவறாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அடுத்த காய்ச்சலைத் தாங்கமாட்டாள்.

அணுவின் தோலில் புரதங்கள் நிற்கின்றன. குட்டையானவை தொட்டுப் பார்ப்பவை. உயரமானவை அவற்றை அடக்கி உறங்கவைப்பவை. கிருமியின் துண்டு சிக்கினால் உயரமானவை ஒதுங்கும். குட்டையானவை ஒரே இடத்தில் கூடும். அணு விழித்துவிட்டது என்று பொருள். குட்டையானவற்றுக்குப் பச்சைச் சாயம் ஏற்றியிருந்தார்கள்.

வெளியே காலை பதினொரு மணி வெயில். உள்ளே இருட்டு. குலசேகரன் முதல் குழியைத் திரையில் கொண்டுவந்தார். பச்சைப் பொட்டு. பக்கத்தில் ஒன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. இருண்ட குளத்தில் யாரோ அகல்களை மிதக்கவிட்டதுபோல் இருந்தது. ஆறாவது குழிவரை அப்படியே இருந்தது.

அவர் எழுந்து வெளியே ஓடினார்.

திரும்பி வந்தபோது தேவகிருபை திரைமுன் உட்கார்ந்திருந்தார். கதவு வழியாகச் சுடலைமணியின் குரல் கேட்டது. வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். “முழிச்சிருச்சாம்ட்டி. எல்லாம் முழிச்சிருச்சாம். பெரியவனுக்கு ஊசி கீசி ஒண்ணும் கிடையாது, அவன அழாம இருக்கச் சொல்லு.”

“எத்தனை முழிச்சிருக்கு, அண்ணாச்சி?” என்று தேவகிருபை கேட்டார்.

“முப்பதாயிரமும், மேடம்.”

“ஒரே கிருமிக்கா? கோயில் கொடைக்கு வந்த கூட்டம் மாதிரில்லா வந்திருக்கு.”

குலசேகரன் சிரித்தார். ஆசிரியை சிரிக்கவில்லை.

“இன்னும் ரெண்டு குழி இருக்கே.”

“அது வெறுங்குழி, மேடம். கிருமித்துண்டு போடாதது. ஒப்புக்கு வச்சது.”

“பாருங்க.”

அவர் ஏழாவது குழியைப் பார்த்தார். பச்சைப் பொட்டுகள். எட்டாவதிலும்.

இரண்டு குழிகளையும் மாற்றி மாற்றித் திரையில் கொண்டுவந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “எதிரியே இல்லாம எதுக்கு முழிக்கு?”

“வெளிய அந்த மனுசர் தூங்கிட்டா இருந்தாரு?”

“ஆமா. ராத்திரி பூரா பஸ்ல வந்திருக்காரு.”

“தூங்கினாருன்னு எப்படித் தெரியும்?”

“தோளப் பிடிச்சு உலுக்கினேன். திடுக்குன்னு முழிச்சாரு.”

“உலுக்கினா நானும்தான் முழிப்பேன். உலுக்காம எப்படிப் பாப்பீங்க?”

“கொஞ்சம் தள்ளி நின்னு...” என்றவர் நிறுத்திவிட்டார்.

அவர் கண் அலமாரியிலிருந்த சின்னப் புட்டிக்குப் போனது. பசை. அணுக்கள் மிதந்து நகர்ந்தால் எண்ணிக்கை தப்பிவிடுகிறது என்று, அன்று காலை கண்ணாடியில் அதைப் பூசியிருந்தார். ஆசிரியை சொல்லித் தந்த முறையில் பசை இல்லை. வெறும் கொழுப்புப் படலம்தான். பசை ஒவ்வோர் அணுவையும் கீழே இழுத்து அமுக்கியிருந்தது. அந்த அமுக்கலிலேயே உயரமானவை ஒதுங்கிவிட்டன.

“எண்ணிக்கை சரியா இருக்கணும்னு பண்ணினேன், மேடம்.”

“சரியாத்தான் எண்ணினீங்க.”

மீதி ரத்தம் நான்கு குழிகளுக்குத் தேறியது. இருபதாயிரம் அணுக்கள். சாயந்திரத்துக்குள் அவையும் செத்துவிடும். குலசேகரன் வெளியே தலையை நீட்டினார். “இன்னொரு தடவ பாக்கோம். ஊருக்குக் கிளம்பிராதீங்க.”

“நல்லாப் பாருங்க சார்,” என்றார் சுடலைமணி. முகமெல்லாம் சிரிப்பு. “டீ வாங்கியாரட்டா? மேடத்துக்கு சீனி எப்படி?”

குலசேகரன் கதவைச் சாத்தினார்.

மூன்று குழிகளில் படலத்தின்மேல் கிருமித்துண்டுகள் மிதந்தன. நான்காவது வெறுங்குழி. அணுக்களைச் சொட்டாக விட்டு, விளக்கைத் தணித்து, இருவரும் உட்கார்ந்தார்கள்.

“கைய மடியில வச்சுக்கோங்க, அண்ணாச்சி.”

இருபத்திரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அணுக்கள் தம் கனத்தில் தாமே இறங்கின. பச்சை அவற்றின் மேனியெங்கும் பனிபோல் பரவியிருந்தது. படலத்தைத் தொட்டன. விட்டன. சற்று உருண்டு மறுபடி தொட்டன. பார்க்கப் பார்க்க, அறைதான் மெல்ல உருள்கிறதோ என்று குலசேகரனுக்குத் தோன்றியது.

“எதைத் தேடுது, மேடம்?”

“தேடலை. தொட்டுப் பாக்குது.”

ஓர் அணு தொட்டது, விடவில்லை. அதன் பனி மெல்லக் கலைந்து ஒரு மூலையில் ஒடுங்கியது. ஒரு பொட்டானது.

“ஒண்ணு,” என்றார் குலசேகரன், மூச்சுவிடாமல்.

மூன்று மணிவரை எண்ணினார். அழித்துவிட்டு மறுபடி எண்ணினார். மூன்றாம் முறையும் அதே எண். வெறுங்குழியில் ஒன்றுகூட இல்லை. மூன்று குழிகளின் பதினைந்தாயிரத்தில் பதினேழு.

ஐம்பதுக்கு முப்பத்துமூன்று குறைவு.

கதவுக்கு அப்பால் சுடலைமணி யாரிடமோ வாழைப்பழ விலை கேட்டுக்கொண்டிருந்தார். குலசேகரன் எழுந்து, தாழ்ப்பாளில் கை வைத்து, அப்படியே நின்றார்.

“எல்லாம் முழிச்சிருச்சுன்னு சொல்லிட்டேன், மேடம். வீட்டுக்குச் சொல்லிட்டாரு. அந்தப் பையன்கிட்டயும் சொல்லியிருப்பாங்க. முப்பதாயிரம்னு சொன்ன வாயால இப்ப பதினேழுன்னு எப்படிச் சொல்ல?”

தேவகிருபை திரையை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பதாயிரமும் பசையோடது. பதினேழும் அந்தப் பிள்ளையோடது, அண்ணாச்சி.”