மூன்று கொஞ்சம்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று. குரு சீடரை "சார்" என்பார். சீடர் குருவை "மிஸ்" என்பார். தூத்துக்குடியில் அந்தக் கிதார் வகுப்பு இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. இதில் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

பிலோமி மிஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் வாசிப்பார். மற்ற நாட்களில் வீட்டு மாடி அறையில் சொல்லிக்கொடுப்பார். பேச்சு குறைவு. விரலை எங்கே வைப்பது என்று கேட்டால் வைத்துக் காட்டுவார். ஏன் அங்கே வைக்க வேண்டும் என்று கேட்டால், தள்ளி வைத்து வாசித்துக் காட்டுவார்.

சீடர் அரியநாயகம் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷமாகக் கிதார் கற்கிறார். மூன்று வருஷமும் ஒரே பாட்டுத்தான். வேறு பாட்டுச் சொல்லிக்கொடுக்க மிஸ் முயன்று பார்த்துக் கைவிட்டிருந்தார்.

அது ஜெரோம் வாஸ் பாடிய பாட்டு. கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, தோளில் கிதாரை மாட்டிக்கொண்டு, தமிழில் பாப் பாட்டுப் பாடிய முதல் ஆள் அவர்தான் என்று அவருடைய ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். வேறு ஊர்க்காரர்கள் வேறு பெயரில் சத்தியம் செய்வார்கள். அது இருக்கட்டும். போன மாதம் ஜெரோம் வாஸ் காலமானார். எழுபத்தெட்டு வயது, தூக்கத்தில் போய்விட்டார்.

ரசிகர் மன்றத்தில் ஒரு காலத்தில் நானூறு பேர். இப்போது பதினான்கு. பதினான்கு பேரும் கூடி, கடற்கரைச் சாலையில் ஒரு நினைவுக்கல் நடுவது என்று முடிவு செய்தார்கள். கல்லில் அவர் பெயர். பெயருக்குக் கீழே அந்தப் பாட்டின் முதல் வரி. வினை அந்த வரியில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அரியநாயகம் மாடியேறி வந்தார். கிதாரை உறையிலிருந்து எடுக்கவில்லை. ஆட்டோக்காரரைக் கொண்டு ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயரையும் தூக்கி வரச் செய்திருந்தார்.

"மிஸ், இன்னைக்குப் பாடம் வேண்டாம். ஒரு தீர்ப்புச் சொல்லணும்."

மிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அரியநாயகம் விவரம் சொன்னார். பாட்டின் முதல் வரி, 'கொஞ்சம் நில்லு கப்பலே.' ரேடியோக்காரர்களிடம் இருந்தது ஒரே இசைத்தட்டு. அதில் அந்த இடத்தில் ஒரு கீறல். முள் அங்கே வந்ததும் பின்னால் வழுக்கும். கொஞ்சம், கொஞ்சம், கொஞ்சம் என்று மூன்று தடவை சுற்றும். அதற்குள் அறிவிப்பாளர் ஓடிவந்து முள்ளைத் தட்டிவிடுவார். பல வருஷம் அதே தட்டைப் போட்டார்கள். ஊரே மூன்று கொஞ்சத்தோடு பாட்டை மனப்பாடம் செய்துவிட்டது.

"இப்ப கல்லுலயும் மூணா வெட்டணுங்காங்க, மிஸ். கீறலையா கல்லுல வெட்டுவாங்க?"

"எத்தனை பேரு மூணுங்காங்க?"

"பதிமூணு பேரு."

"ஒண்ணுங்கது?"

"நான்."

பதின்மூன்று பேர் ஒரு பக்கம் நின்றாலும், கல் வெட்டுகிறவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டியது செயலாளர். செயலாளர் அரியநாயகம். திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.

மிஸ் பிளேயரைக் கை காட்டினார். அரியநாயகம் தட்டை உறையிலிருந்து எடுத்தார். முதல் சம்பளத்தில் வாங்கியது. இத்தனை வருஷத்தில் ஒரு தூசி ஒட்டவிட்டதில்லை. முள்ளை வைத்தார். கிதார் வந்தது, டிரம் வந்தது, பிறகு ஜெரோம் வாஸின் குரல் வந்தது. கொஞ்சம் நில்லு கப்பலே.

பாட்டு முடியும்வரை இருவரும் கேட்டார்கள்.

"ஒரு தடவைதான்" என்றார் மிஸ்.

"பாத்தீங்களா?"

"உங்க பக்கம்தான் சரி, சார். அப்படியே வெட்டச் சொல்லிருங்க."

கேட்க வந்த தீர்ப்பு கிடைத்துவிட்டது. அரியநாயகம் எழுந்து போயிருக்க வேண்டும். அவர் எழுந்திருக்கவில்லை. தட்டின் உறையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்ன சார்?"

"உதுமான் எங்கிட்ட பேச மாட்டேங்கான்."

வாட்ச் கடை உதுமான் மன்றத்தின் தலைவர். அதற்கு முன்பே அரியநாயகத்தின் கூட்டாளி. எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் தொடங்கியது, ஐம்பது வருஷம் ஆகிறது. ஜெரோம் வாஸ் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போன இடத்தில், வாசலில் செருப்பைத் தேடும்போது பேச்சு வந்துவிட்டது. நீ ரெக்கார்டுக்கு ரசிகன், நான் பாட்டுக்கு ரசிகன் என்றாராம் உதுமான். நீ கீறலுக்கு ரசிகன் என்றாராம் இவர். பன்னிரண்டு நாளாகிறது. இவர் போகும் தெருவில் அவர் வருவதில்லை. கல்லில் ஒரே ஒரு கொஞ்சம் வெட்டினால் திறப்பு விழாவுக்கு வரமாட்டேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சொல்லிவிட்டு அரியநாயகம் ஜன்னலைப் பார்த்தார். ஜெரோம் வாஸ் செத்தபோது அவருக்கு அழுகை வந்தது. இது அழுகையாகவும் வரவில்லை, நெஞ்சிலேயே கிடந்து அறுத்தது.

"முதல் தடவை இந்தப் பாட்டை எங்க கேட்டீங்க?" என்று கேட்டார் மிஸ்.

"சலூன்ல. ரெண்டு பேரும் முடி வெட்டப் போயிருந்தோம்."

அன்று உதுமானுக்குப் பாதித் தலை முடிந்திருந்தது. ரேடியோவில் பாட்டு வந்தது, கொஞ்சத்தில் மாட்டியது. முதல் சுற்றில் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் சுற்றில் கத்தரி நின்றது. மூன்றாவதில் நாற்காலியில் இருந்த உதுமானே கூடப் பாடிவிட்டான். சலூன் முழுக்கச் சிரிப்பு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பையன்கள் அத்தனை பேர் வாயிலும் அதுதான்.

"அப்புறம் தட்டு வாங்குனீங்க. வீட்டுல போட்டுக் கேட்டீங்க. எப்படி இருந்துச்சு?"

அரியநாயகம் தட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"என்னமோ குறையுத மாதிரி இருந்துச்சு, மிஸ்."

"ம்."

"அப்புறம் இதுதான் அசல்னு மனசுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கிக்கிட்டேன்."

அன்றிலிருந்து பிறர் பாடும்போதெல்லாம் திருத்தியும் வந்திருக்கிறார். கல்யாண வீட்டில் திருத்தியிருக்கிறார். சுற்றுலா பஸ்ஸில் திருத்தியிருக்கிறார். யாரும் திருந்தவில்லை.

"மேடையில அவரு எப்படிப் பாடுவாரு?"

"ஒரு தடவைதான். மிச்சம் ரெண்டையும் கூட்டம் பாடிரும். அது முடியுத வரைக்கும் அவரு வாசிச்சுக்கிட்டே நிப்பாரு. அப்புறந்தான் நில்லும்பாரு."

"கோவப்படுவாரா?"

"இல்ல. சிரிச்சுக்கிட்டு நிப்பாரு." அரியநாயகத்துக்கு இதைச் சொல்லப் பிடிக்கவில்லை. "நல்ல மனுசன். வெளிய சொல்ல மாட்டாரு."

மிஸ் கிதாரை உறையிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினார்.

"வாசிங்க."

அரியநாயகம் வாசித்தார். குரல் கொஞ்சம் கரகரத்தது. 'கொஞ்சம்' என்று பாடினார். ஒரே ஒரு தடவை. பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டார். கை மட்டும் கம்பிகளின் மேல் ஒரு சுற்று ஓடியது. இன்னொரு சுற்றும் ஓடியது. அதன் பிறகே 'நில்லு கப்பலே' வந்தது.

மிஸ் மேசையைத் தட்டினார். அவர் நிறுத்தினார்.

"மூணு வருஷமா இந்த எடத்துல தாளம் தப்புதுன்னு உங்களத் திட்டிருக்கேன்."

"ஆமா மிஸ்."

"தப்பல. ரெண்டு எடம் காலியா விடுதீங்க."

அரியநாயகம் தன் வலது கையைப் பார்த்தார். அது யாரோ வேறு ஆளின் கை மாதிரி கம்பிகளின் மேல் கிடந்தது. மறுபடி ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். கை மறுபடியும் இரண்டு சுற்றுக் காத்திருந்தது. நேராகப் போகவைக்க முயன்றார். பாட்டே நின்றுவிட்டது.

"அப்ப உதுமான் சொல்லுததுதான் சரிங்கீங்களா?"

"தட்டுல இருக்கதுதான் சரி. அதை அப்பவே சொல்லிட்டேன்."

"பிறவு கல்லுல எதை வெட்ட?"

மிஸ் எழுந்து போய், பாட்டு முடிந்தும் சுற்றிக்கொண்டிருந்த தட்டைக் கையால் தொட்டு நிறுத்தினார்.

"அவரு ஒரு தடவை சொல்லிட்டுக் கப்பல் ஏறிட்டாரு, சார். கரையில நிக்கவங்க எத்தனை தடவை சொல்லுவாங்க?"

கீழே தெருவில் ஒரு மீன்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் தெருமுனை தாண்டும்வரை அரியநாயகம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு போனை எடுத்து உதுமானைக் கூப்பிட்டார். வெகுநேரம் மணி அடித்தது. கடைசியில் எடுக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் பேச்சில்லை, கடையின் கடிகாரச் சத்தம்தான் கேட்டது.

"கொஞ்சம்" என்றார் அரியநாயகம்.

சொல்லிவிட்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மிச்சம் இரண்டுக்காகக் காத்திருந்தார்.