நான்காவது மருந்து

டாக்டர் நவமணிக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், பார்த்த கேஸ் ஷீட்டையே மறுபடி புரட்டினார். ஐம்பத்திரண்டு வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான டாக்டர் இர்ஃபானாவிடம் பூஞ்சை நோய்களுக்கு வைத்தியம் கற்க வந்தவர் அவர். வெட்கம் பார்க்காத மனிதர். பொறுமைதான் கொஞ்சம் மட்டு.

இன்றைய தவிப்பெல்லாம் செல்லப்பாண்டியால். மனைவி பேச்சித்தாய் கொடுத்த சிறுநீரகத்தோடு ஓராண்டாக நடமாடியவர். அதை உடம்பு ஒதுக்கிவிடாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள். இதுதான் சமயமென்று மண்ணில் கிடக்கும் ஏதோ அபூர்வப் பூஞ்சை உள்ளே புகுந்துகொண்டது. காலில் புண்ணாகத் தொடங்கியது நுரையீரலைத் தொட்டுவிட்டது. ஆள் பிழைப்பாரா என்பதே இப்போது கேள்வி.

"மேடம், பூஞ்சைக்கு மூணு மருந்து போகுது. நாலாவதும் சேர்த்துடலாமா?"

"அது கிட்னியையும் சேர்த்து அடிக்கும், சார்."

"அப்ப என்னதான் செய்ய?"

இர்ஃபானா பேனாவை நீட்டினார். "கேஸ் ஷீட்ல ஒரு மாத்திரையை அடிச்சு நிறுத்திடுங்க."

எதை என்று நவமணிக்குத் தெரியும். பேனாவை வாங்கக் கை வரவில்லை. "கிட்னியைக் காக்குறதே அதுதானே! அந்தம்மா குடுத்தது வீணாப் போயிட்டா?"

"போகலாம். அவங்ககிட்டயே கேட்டுட்டு வாங்க."

வராந்தாவில் உட்கார்ந்திருந்த பேச்சித்தாயிடம் போய் எங்கெங்கோ தொடங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

"நிறுத்துனா ஆளு பொழைப்பாவளா?"

"பொழைக்க வழி இருக்கும்மா. ஆனா மறுபடி டயாலிசிஸ் வரலாம்."

"நிறுத்துங்க ஐயா. இதைக் கேக்கவா இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சீங்க?"

நவமணி திரும்பிவந்து கேஸ் ஷீட்டில் அந்த மாத்திரையை அடித்தார். மனம் ஆறவில்லை. அடித்த கையோடு அதன் கீழே நான்காவது மருந்தை எழுதினார்.

இர்ஃபானா பார்த்துக்கொண்டிருந்தார். "இது எதுக்கு, சார்?"

நவமணி பேனாவைக் கீழே வைத்தார். "பத்து நாள் முன்னாடி அவர் புண்ணுல எடுத்த சதையை லேப் தட்டுல வளர்த்துப் பார்த்தப்பவே பூஞ்சை வந்துச்சு, மேடம். காத்துல வந்து விழுந்த தூசின்னு நான்தான் தூக்கிப் போடச் சொன்னேன். என்னால சும்மா இருக்க முடியல."

இர்ஃபானாவின் குரல் உயரவில்லை.

"அது உங்க நோவு, சார். அதுக்கு மருந்தை ஏன் அவர் நரம்புல ஏத்துறீங்க?"