கட்டில் பூச்சியும் தலைப்பாகைப் பூச்சியும்

ஜமீன்தார் கட்டிலில் மூட்டைப்பூச்சி. மூன்று நாளாக மனிதருக்குத் தூக்கமில்லை.

“முதல் வருஷம் என் பொடி பட்டதும் கொத்துக் கொத்தாகச் செத்தன. இப்போது பொடியிலேயே புரளுகின்றன. படுக்கை விரிக்கிற பொம்மிதான் சாம்பலைக் கலந்திருக்கிறாள்,” என்றார் அரண்மனை வைத்தியர், தலைப்பாகைக்குள் விரலைவிட்டுச் சொறிந்தபடி.

“இல்லையென்று இப்போதே காட்டு. இல்லாவிட்டால் ஊரைவிட்டுப் போ,” என்றார் ஜமீன்தார், அங்கே நின்ற பொம்மியிடம்.

பொம்மி கும்பிட்டாள். “முதல் வருஷம் செத்ததுக்கெல்லாம் ஏதுங்க எஜமான் பிள்ளைகுட்டி? பொடிக்கு அசையாத நாலஞ்சுதான் தப்பிச்சுக் குடும்பம் நடத்துச்சு. இதெல்லாம் அதுங்க பேரப்பிள்ளைங்க.”

“பூச்சிக்கு வம்சாவளி சொல்கிறாள்!” என்று சிரித்தார் வைத்தியர்.

“வைத்தியரய்யா, வந்ததிலிருந்து சொறியறீங்க. தலைப்பாகையைக் கொஞ்சம் உதறுங்க.”

ஜமீன்தார் முறைக்கவே வைத்தியர் உதறினார். மூட்டைப்பூச்சி ஒன்று விழுந்தது. பக்கத்தில் ஒரு கட்டில் பூச்சியை விட்டு, இரண்டின் மேலும் கட்டிலுக்குப் போடும் அதே பொடியைத் தூவினாள் பொம்மி. கட்டில் பூச்சி சாவகாசமாக நடந்தது. தலைப்பாகைப் பூச்சி மல்லாந்து செத்தது.

“ஓய், உம்முடைய வீட்டில் இந்தப் பொடியைப் போட்டதே இல்லையா?” என்றார் ஜமீன்தார்.

வைத்தியர் அவசரமாகத் தலைப்பாகையைச் சுற்றத் தொடங்கினார்.

“போட்டிருந்தா இது இவ்வளவு லேசாச் செத்திருக்குமுங்களா எஜமான்?” என்றாள் பொம்மி.