எழுபத்து மூன்றாவது போல்ட்

மலையடிவாரத்து ரயில் ஷெட்டில் ஒரு பழைய நீராவி எஞ்சினைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதன் பாய்லரைப் பழுது பார்ப்பவள் அமலோற்பவம். முப்பத்தாறு வயது. எல்லோருக்கும் அவள் மேஸ்திரி.

அவளிடம் வேலை படிக்க வந்தவர் செங்கல்வராயன். ஐம்பத்தோரு வயது. கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் பார்த்தவர். தலை நரைத்த பிறகு படிக்க உட்கார ஒரு மனம் வேண்டும். அது அவருக்கு இருந்தது.

முதல் நாள் அவர் கேட்டார்.

"மேஸ்திரி, நெருப்புப் பெட்டியையும் வெளித்தகட்டையும் இத்தனை போல்ட் சேர்த்துப் புடிச்சிருக்கு. நல்ல கெட்டி இரும்பு. ஒவ்வொண்ணு நடுவுலயும் ஊசி நுழையற மாதிரி ஓட்டை போட்டு வச்சிருக்கே, எதுக்கு?"

"போல்ட் உள்ள விரிசல் விட்டா அது வழியா தண்ணி கசியும்ண்ணே. நமக்குத் தெரிஞ்சுடும். தெரியாமப் போனா அதோட பாரத்தைப் பக்கத்துப் போல்ட் சுமக்கும். அதுவும் ஒருநாள் போகும். அப்புறம் பாய்லரே வெடிச்சுடும்."

"ஆக, இது அழுகுணிப் போல்ட்."

"சிரிக்காம வேலையைப் பாருங்க."

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சோதனை முடிந்ததும், போல்ட்டை மாட்டியவர் அதன் பக்கத்தில் சாக்பீஸால் தன் பெயரை எழுதவேண்டும். பிறகுதான் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவார். முதல் நெருப்பிலேயே பெயர் எரிந்துவிடும். ஆனாலும் எழுதவேண்டும்.

நூற்றெண்பது போல்ட்டுகளை மாற்றி முடித்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடவேண்டும். இரண்டு பெட்டி நிறையப் பள்ளிப் பிள்ளைகள் ஏறப்போகிறார்கள்.

ஷெட் அதிகாரி செங்கல்வராயனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "ஞாயித்துக்கிழமை வண்டி ஓடினா உங்க வேலை நிரந்தரம். ஓடலைன்னா அடுத்த மாசம் வரவேண்டாம்."

வெள்ளிக்கிழமை மதியம் அமலோற்பவம் சாப்பிடப் போயிருந்தாள். செங்கல்வராயன் பாய்லரில் தண்ணீர் நிரப்பி, பம்பை அடித்து, அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்.

அழுத்தமானியின் முள் நிற்கவில்லை. மெல்ல இறங்கியது.

விளக்கை எடுத்துக்கொண்டு நெருப்புப் பெட்டிக்குள் தவழ்ந்து போனார். எழுபத்து மூன்றாவது போல்ட்டின் ஓட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு விழுந்தது. இன்னொன்று திரண்டது. அவரே மாட்டிய போல்ட். அதன் தலையைச் சுத்தியலால் அளவுக்கு மீறி அடித்ததில் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது.

மாற்ற இரண்டு நாள் ஆகும். மணி ஒன்றே முக்கால்.

ஒரு பித்தளைக் கம்பியை ஓட்டையில் இறக்கி அடித்தார். மட்டமாக அராவினார். மேலே கரி பூசினார். மறுபடி பம்பை அடித்தார்.

முள் நின்றது.

அமலோற்பவம் திரும்பி வந்து முள்ளைப் பார்த்தாள். பிறகு அவர் சட்டைக் கையைப் பார்த்தாள். மடிப்பில் மஞ்சளாகத் தூள் மின்னியது. அந்தப் பாய்லரில் அன்று பித்தளை வேலை எதுவும் இல்லை.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"பசியில்ல மேஸ்திரி."

அவள் கருவிப் பெட்டிப் பக்கம் போனாள்.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அரை மணி நேரம் முள்ளின் எதிரே நின்றார். அது அசையவில்லை.

"நல்லா செஞ்சிருக்கீங்க. தட்டிப் பார்த்துட்டுப் பேரை எழுதுங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

இருவரும் உள்ளே தவழ்ந்து போனார்கள். செங்கல்வராயன் விளக்கைப் பிடித்தார். அமலோற்பவம் சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

டங். டங். டங்.

எழுபத்திரண்டு. டங்.

எழுபத்து மூன்று. டொக்.

விளக்கு ஆடியது. அவள் மறுபடி தட்டினாள். டொக்.

அவள் எழுபத்து நான்குக்குப் போய்விட்டாள்.

கடைசிப் போல்ட் வரை தட்டினாள். பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"எழுதுங்க."

அவர் எழுதிக்கொண்டே போனார். எழுபத்திரண்டில் எழுதினார். எழுபத்து நான்கில் எழுதினார்.

"ஒண்ணை விட்டுட்டீங்கண்ணே."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நூத்தியெண்பதுல ஒண்ணுதானே மேஸ்திரி? மத்ததெல்லாம் சேர்ந்து தாங்காதா?"

அவள் விளக்கை அவர் கையிலிருந்து வாங்கி, அந்தப் போல்ட்டுக்கு நேராகப் பிடித்தாள்.

"எழுதுங்க."

வெளியிலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. "என்னம்மா, உள்ள தூங்கிட்டீங்களா? பேனாவைத் திறந்து வச்சுட்டு நிக்கறேன்!"

சாக்பீஸ் தகட்டைத் தொட்டது. ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேல் கை நகரவில்லை. சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

அவர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு சொன்னார்.

"கை டிரில்லைக் கொடுங்க மேஸ்திரி."

பித்தளை சுருள் சுருளாக வந்தது. பிறகு தண்ணீர் பீச்சி அவர் முகத்தில் அடித்தது.

"முள்ளு இறங்குதே! யாரு என்ன பண்ணீங்க?" என்று வெளியிலிருந்து இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்தான் சார்!" செங்கல்வராயன் உள்ளிருந்தே கத்தினார். "ஓட்டையை அடைச்சதும் நான்தான்!"

வெளியே பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வண்டி கிடையாது," என்றார் இன்ஸ்பெக்டர். அவருடைய செருப்புச் சத்தம் தூரமாகப் போனது.

அவர்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் ஓய்ந்து, மறுபடி சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"வந்ததுமே தெரிஞ்சுடுச்சா?"

"ம்."

"நான் பேரை எழுதியிருந்தா?"

அவள் இடது கையை விரித்தாள். அதில் துளை போடும் டிரில் பிட் ஒன்று இருந்தது. அத்தனை நேரம் இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கை சிவந்திருந்தது.

"நான் துளைச்சிருப்பேன். எழுதினவரை நாளையிலேர்ந்து உள்ள விட்டிருக்க மாட்டேன்."

அவர் தலை குனிந்தார்.

"இனிமே எனக்கு இங்க வேலை இல்லை. இல்லையா மேஸ்திரி?"

"அதிகாரிகிட்ட நான் பேசறேன். அவர் கேப்பாரான்னு தெரியாது."

அவர் ஒடிந்த சாக்பீஸ் துண்டுகள் இரண்டையும் துடைத்து அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே தவழப் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"பேரெழுத ஒரு துண்டு போதும்ண்ணே. அதை நீங்களே வச்சுக்குங்க. ரெண்டு நாள்ல புதுப் போல்ட் மாட்டிடுவீங்கல்ல?"