வராது என்று சொன்னவன்

“மழை வரும்னு சொல்றவன் குடையோட வரணும். வராதுன்னு சொல்றவன்…”

தரணேந்திரனின் பெரியப்பா ஆவணி பிறந்தால் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். பாதி சொல்லும்போதே மூக்குப்பொடி தன் வேலையைக் காட்டிவிடும். அடுத்தடுத்து மூன்று தும்மல். அந்தத் தும்மல்கள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தன. தும்மி முடித்து அவர் சொன்னதுதான் நினைவில்லை.

பத்தொன்பது வருடம் கனடாவில் இருந்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் திண்டிவனத்துக்குத் திரும்பியவனுக்கு அந்த மீதி இப்போது வேண்டியிருந்தது. சொல்ல பெரியப்பா இல்லை.

அதனால் மாதாஜியிடம் வந்திருந்தான்.

“நான் நிறுத்திடட்டுமா, மாதாஜி?”

அவர் கையிலிருந்த மயிற்பீலியால் மண்டபத்துத் தரையை மெல்லப் பெருக்கினார். பெருக்கிய இடத்தில் உட்கார்ந்தார்.

“அங்க எறும்பு ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டான்.

“தெரியாது.”

“பின்ன ஏன் பெருக்கினீங்க?”

“தெரியாதுன்னு சொன்னேனே.”



மாதாஜி சமணத் துறவி; தரணேந்திரன் வீட்டாரும் சமணர்கள்தான். அவனைவிடப் பத்து வயது இளையவர். துறவுக்கு முன் செய்யாற்றில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். மழைக்காலம் நான்கு மாதமும் ஓர் ஊரிலேயே தங்குவது சமணத் துறவிகள் வழக்கம். ஈரம் பட்டால் மண்ணெல்லாம் உயிர் முளைக்கும், நடந்தால் மிதிபடும். இந்த வருடம் அவர் தங்கியது வந்தவாசிக்குத் தெற்கே ஒரு சிற்றூர்க் கோயிலில். தரணேந்திரன் ஞாயிறுதோறும் வந்து அவர் பேச்சைக் கேட்டுவிட்டுப் போவான்.

இன்று ஞாயிறு இல்லை.

“எதை நிறுத்தணும்?”

“வானிலை சொல்றதை.”

“சொல்லுங்க.”

சொன்னான்.

*

திரும்பி வந்த இரண்டாம் மாதம் மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்தான். பிறகு காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்று. பிறகு ஒரு வாட்ஸப் குழு. அதில் மழைப் பைத்தியங்கள் நூற்று நாற்பது பேர். அதற்கு வெளியே, அவன் போடும் குறிப்பைப் படிக்கிறவர்கள் பன்னிரண்டாயிரம் பேர்.

ஆவணியின் பிற்பகல்கள் அந்தக் குழுவுக்குத் திருவிழா. மேற்கே மலைப்பக்கம் இடிமேகம் பிறக்கும். கிழக்கேயிருந்து கடற்காற்று உள்ளே வரும். இரண்டும் எங்கே சந்திக்கும், எந்த ஊர் நனையும் என்று அடித்துக்கொள்வார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே சட்டை முதுகில் ஒட்டியது. செஞ்சியில் செல்போன் கடை வைத்திருக்கும் ஹபீப் குரல்பதிவு போட்டான்.

“அண்ணே, கோட்டைக்குப் பின்னால குமுறிக்கிட்டு நிக்குது. அடி கன்னங்கரேல்னு தட்டையா இருக்கு. இது கடல் பாக்காம அடங்காது.”

“அடங்கும்,” என்று தரணேந்திரன் பதில் போட்டான். “கடற்காற்று பதினொன்றரைக்கே வந்துடுச்சு. கரையோரம் வெயில் முப்பத்து மூணைத் தாண்டலை. குளிர்ந்த காத்து தரையில மூடி மாதிரி உக்காந்திருக்கு. மேற்கேயிருந்து வர்ற இடி திண்டிவனம் தாண்டும்போதே செத்துடும்.”

“புழுக்கத்தைப் பாருங்கண்ணே. ஈரம் எண்பத்திரண்டு. மூடி போட்ட குண்டான்தானே பொங்கும்?”

“அடுப்பு எரிஞ்சாத்தானே பொங்கும், தம்பி.”

அதற்கு முப்பது பேர் கைதட்டினார்கள். “தரணி அண்ணன் சொன்னா இந்திரனே லீவு போட்டுடுவான்” என்று ஒருவன் எழுதினான். அதற்கும் கைதட்டினார்கள்.

பகல் ஒரு மணிக்கு அவன் பன்னிரண்டாயிரம் பேருக்கும் குறிப்பு போட்டான்.

‘கழுவெளி ஏரிக்குக் கிழக்கே இன்று இடி இல்லை. உப்பளத்தில் இருப்பவர்கள் தாராளமாக வேலை பார்க்கலாம்.’

நாலு மணி பத்து நிமிடத்துக்கு உப்பளத்தில் இடி விழுந்தது. அங்கே மரம் கிடையாது. கட்டடம் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நின்றிருந்ததிலேயே உயரமானது, உப்பு வாரும் பலகையோடு பாத்தியில் நின்ற செங்கேணி. முப்பத்தொன்பது வயதுப் பெண். அங்கேயே இறந்துபோனாள்.

மறுநாள் குழுவில் இருநூற்றுச் சொச்சம் செய்திகள் வந்தன. மேற்கே செத்த மேகம் தள்ளிவிட்ட காற்று, கடற்காற்றின் முகப்பில் மோதி, அங்கேயே புதிதாக ஒரு மேகத்தைக் கிளப்பியதை எல்லோரும் படம் போட்டு விளக்கினார்கள். “செம மேகம்டா” என்று எழுதினார்கள். “இருபது நிமிஷத்துல பதினாலு கிலோமீட்டர் உயரம்.” தரணேந்திரனுக்கு ஆறுதலும் சொன்னார்கள். “யாராலயும் கணிச்சிருக்க முடியாதுண்ணே.”

செங்கேணியைப் பற்றி ஹபீப் ஒருவன்தான் எழுதினான். அதற்கு யாரும் பதில் போடவில்லை.

*

“அந்த வீட்டுக்குப் போனீங்களா?” என்று மாதாஜி கேட்டார்.

“மூணாம் நாள் போனேன்.”

“என்ன சொன்னாங்க?”

அவன் எதிரே இருந்த களத்தைப் பார்த்தான். வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. கோயிலில் பூசை செய்யும் உபாத்தியாயர் வீட்டு அறுவடை. இந்தப் பக்கத்தில் அதை மல்லாட்டை என்பார்கள். ஓரமாகச் சுருட்டிவைத்த நீலத் தார்ப்பாய்.

“அந்தம்மா கூடவே வேலை செஞ்ச கன்னியம்மாதான் பேசுச்சு. ‘மேக்கால இருட்டிக்கினு வருது, கரையேறிடலாம்டீன்னு அவதான் சார் சொன்னா. நான்தான் நீங்க போட்டிருந்தத படிச்சுக் காட்டனேன். தாராளமான்னு போட்டிருக்காரு பாருடீன்னேன்’னு சொல்லுச்சு.”

மாதாஜி கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னைத் திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். திட்டலை. ‘நீங்க எப்பவும் கரெக்டாதான் சார் சொல்லுவீங்க’ன்னுச்சு. டீ போட்டுக் குடுத்துச்சு.”

“அப்புறம்?”

“இன்னைக்குக் காலையில பேசி அனுப்பியிருக்கு.”

கைபேசியை எடுத்துக் குரல்பதிவை ஓடவிட்டான்.

“சார், நல்லாக்கீறீங்களா? ஆறு நாளா யாரும் பாத்தியில எறங்கல. உப்பு வெளஞ்சு கெடக்குது. ஒரு மழ பேஞ்சா அத்தினியும் தண்ணி. நாளைக்கு எறங்கலாங்களா? பொம்பளைங்க பதினோரு பேரு. நீங்க சொன்னா எறங்குவோம், இல்லன்னா இல்ல. சாயங்காலத்துக்குள்ள போட்டுடுங்க சார்.”

பதிவு முடிந்தது.

“இதுக்கு நான் என்ன சொல்ல?”

“நாளைக்கு இடி வருமா?”

“என் கணக்குல வராது.”

“அப்ப சொல்லுங்க.”

“போன வாரமும் என் கணக்குல வரலையே!”

“அப்ப சொல்லாதீங்க.”

“சொல்லலைன்னா ஆவணி முழுக்க வீட்டில உக்காந்திருப்பாங்க. இல்லைன்னா யார் பேச்சும் இல்லாம எறங்குவாங்க. ரெண்டும் பாவம்தானே?”

மாதாஜி மயிற்பீலியை மடியில் நேராக வைத்தார்.

தரணேந்திரன் இதற்கும் ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். வரும் வழியில் பைக்கிலேயே யோசித்தது.

“மாதாஜி, இனிமே ‘இருக்கலாம்’னு மட்டும் எழுதப்போறேன். இடி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம்ம சமயமே எதையும் அறுதியிட்டுப் பேசாதேன்னுதானே சொல்லுது? அது உண்மையும்கூட.”

“உண்மைதான்.”

அவனுக்கு மூச்சு வந்தது.

“கன்னியம்மா அதைப் படிச்சிட்டு எறங்குவாங்களா, மாட்டாங்களா?”

அவன் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தான்.

“அந்த வார்த்தை குடை மாதிரி. அதுக்கடியில யார் நிக்கலாம்?”



“நான் மட்டும்.”

*

மேற்கே எங்கோ உருண்டது. களத்தில் வெயில் மங்கியது, திரும்ப அடித்தது.

மாதாஜி வானத்தைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்.

“இப்ப இங்க மழை வருமா?”

அவனுக்குத் தெரிந்த கேள்வி. கைபேசியில் ரேடார் படத்தைத் திறந்தான். செய்யாற்றுப் பக்கம் ஒரு மஞ்சள் பொட்டு. மற்ற இடமெல்லாம் வெறுமை. ஈரம் எழுபத்தொன்பது. காற்று தெற்கேயிருந்து.

“வராது.”

“நிச்சயமா?”

“இன்னும் ஒரு மணி நேரத்துக்கு வராது, மாதாஜி.”

மாதாஜி எழுந்தார். படியில் காலை வைக்குமுன் குனிந்து பார்த்தார். அடுத்த படி. அடுத்த படி. வெறுங்காலோடு களத்தில் இறங்கி, வேர்க்கடலைக்கு நடுவே விட்டிருந்த ஒற்றையடி வழியில் நடந்து, நட்ட நடுவில் போய் நின்றார். வெள்ளைப் புடவை. கையில் பீலி.

“எங்க போறீங்க?”

“எங்கயும் போகலை.”

“அங்க ஏன் நிக்கிறீங்க?”

“வராதுன்னு சொன்னீங்களே.”

தரணேந்திரன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

மழையின் ஒவ்வொரு துளியிலும் உயிர் உண்டு என்பது சமணர் நம்பிக்கை. மழையில் நின்றால் அத்தனை உயிரும் தன் மேல் விழுந்து சாகும். அதற்குக் கழுவாய் உண்ணாநோன்பு. ஒரு நாளைக்கு ஒரே வேளை உண்கிறவர் அவர். அதுவும் நேற்று உண்ணவில்லை.

அவன் படத்தைப் புதுப்பித்தான். வரவில்லை. மறுபடி புதுப்பித்தான். ஓரத்தில் நேரம் போட்டிருந்தது: பன்னிரண்டு நிமிடத்துக்கு முந்தைய படம்.

பன்னிரண்டு நிமிடத்துக்கு முந்தைய வானம்.

கைபேசியைச் சட்டைப்பையில் போட்டான். மண்டபத்தின் விளிம்புக்கு வந்தான். தூணைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். கோபுரத்துக்கு மேலே வானம் வெள்ளையாக இருந்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மண்டபத்திலிருந்து தெரியவில்லை.

படியிறங்கினான்.

கனடாவில் இருந்த பத்தொன்பது வருடத்திலும், திரும்பி வந்த இந்த இரண்டு வருடத்திலும், அவன் இப்படி வானத்தைப் பார்த்ததில்லை. பனைமரத்தில் ஓலை அசையவில்லை. தெற்குக் காற்று நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது? மைனாக்கள் கத்துவதை நிறுத்தியிருந்தன. கோபுரத்துக்குப் பின்னால், மேகத்தின் விளிம்பு கரும்பலகையை அறுத்தது போல நேராக இருந்தது. அந்த விளிம்பு நகர்ந்தது. செய்யாற்றுப் பக்கம் அல்ல, இந்தப் பக்கம்.

அவன் கண் வானத்துக்கும் அந்த வெள்ளைப் புடவைக்கும் போய்ப் போய் வந்தது.

கன்னத்தில் ஏதோ பட்டது. மேற்கேயிருந்து, ஈரமான பாறையைத் தொட்டது போன்ற குளிர்ந்த காற்று. ஒரு நொடி. பனையோலை ஒரு முறை சலசலத்தது.

“வரும்!” என்று கத்தினான். “மாதாஜி, வரும்! பத்து நிமிஷம்கூட இல்லை! உள்ள வாங்க!”

மாதாஜி வந்தார். ஓடவில்லை. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.  அவர் படியேறியதும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினான். உபாத்தியாயர் வீட்டுப் பெண்கள் கூடையோடு ஓடிவந்தார்கள். “யோவ், அந்த முனையப் புடிய்யா!” என்று ஒருத்தி அவன் யாரென்று பார்க்காமல் அதட்டினாள். பிடித்தான். நாலு முனையிலும் கல் வைத்து முடிப்பதற்குள் முதல் துளி விழுந்தது. பெரிய துளி. காசு அகலம்.

தெப்பமாக நனைந்து மண்டபத்துக்கு வந்தான். மாதாஜி தரையைப் பெருக்கிவிட்டு, தூணுக்கு உள்பக்கமாக உட்கார்ந்திருந்தார். அவர் புடவையில் ஈரம் இல்லை.

இடி தலைக்கு மேலே வெடித்தது. 

“படம் என்ன சொல்லுது?”

எடுத்துப் பார்த்தான். “இங்க ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்லுது.”

“உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?”

அவன் களத்தைப் பார்த்தான். தார்ப்பாய் மேல் மழை கொட்டியது.

“நீங்க வெளியில நின்னீங்க,” என்றான்.

மாதாஜி கண்ணை மூடிக்கொண்டார். 

*

மழை வடக்கே திரும்பிப் போயிற்று. கழுவெளிப் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை என்று ஹபீப் எழுதியிருந்தான்.

ஈரச் சட்டையோடு பைக்கில் வரும்போது, வந்தவாசி தாண்டி ஒரு புளியமரத்தடியில், பெரியப்பா மூன்றாவது தும்மலை முடித்து, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்ன மீதி அவனுக்கு நினைவு வந்தது. வண்டியை நிறுத்தினான். 

வீட்டுக்குப் போய்க் காற்றின் கணக்கை முதலிலிருந்து ஒரு முறை போட்டான். ஹபீப்பைக் கூப்பிட்டு, அவன் கணக்கையும் கேட்டான். கேட்டு முடித்து, கன்னியம்மாவுக்கு எழுதினான்.

‘நாளை இடி இல்லை. இறங்கலாம்.’

‘தாராளமாக’ என்ற சொல்லைப் போடவில்லை.

அனுப்பிவிட்டு, நாளையும், இனி இப்படி எழுதுகிற ஒவ்வொரு நாளும், பெண்கள் பாத்தியில் இறங்கும் நேரத்திலிருந்து கடைசிப் பெண் கரையேறும் வரை உப்பளத்து வரப்பில் நிற்பது என்று முடிவு செய்தான். பெரியப்பா சொன்ன மீதியும் அதுதான்: ‘வெளியில நிக்கணும்.’